பூஜைக்குப் பிறகு அளந்த செல்கள்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் தலைவர் என்னை அறைக்குள் அழைத்து, குழந்தை ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் பேனலுக்கு செல் செலக்‌ஷன் நீயே பண்ணு. நன்னா வந்துதுன்னா இனிமேயும் நீதான். இல்லேன்னா தம்பியே கண்டின்யூ பண்ணட்டும். நீ டாக்குமெண்டேஷன் பார்த்துக்கோ. அதுவும் முக்கியமான வேலைதானேம்மா."

முக்கியமான வேலை என்று சொல்லும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் உண்டு.

கரமனையைத் தாண்டி, ஒரு காலத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருந்த கட்டடத்தில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. சிறிய செயற்கைக்கோள்களுக்குப் பேனல்கள், அதாவது சூரிய மின்பலகைகள், செய்கிறோம். தலைவர் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். தம்பி என்று எல்லோரும் கூப்பிடுகிற பொறியாளர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்தவன். நான் விடுப்பில் இருந்தபோது என் வேலையை அவன்தான் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஆரியசாலைக் கடைத்தெரு வீட்டு மருமகள். கீழே மாமனாரின் மிளகாய் மொத்த வியாபாரம், மாடியில் நாங்கள். என் மகள் பிறந்து முதலில் செய்த காரியங்களில் ஒன்று தும்முவது.

செல் செலக்‌ஷன் என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். செல் என்பது சீட்டுக்கட்டின் ஒரு சீட்டைவிடச் சற்றே சிறிய, அப்பளம் போல உடைகிற, நீலக்கருப்புத் தகடு. வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும். ஒன்று தருவது போதாது என்பதால் வரிசையாக இணைக்கிறோம். அப்படி இணைத்துவிட்டால் வரிசை முழுவதும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். அது எவ்வளவு என்பதை வரிசையிலேயே சுமாரான செல்தான் முடிவு செய்யும். மற்ற செல்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகையால் கெட்டிக்காரர்களைப் பொறுக்குவது எங்கள் வேலை அல்ல. ஒரே மாதிரி இருப்பவர்களைப் பொறுக்குவதுதான் வேலை.

ஒவ்வொரு செல்லையும் விளக்கின் கீழே வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். வரும் கோடு வர்க்கலைக் கடற்கரைப் பாறை போல இருக்கும். வெகுதூரம் சமதளம், பிறகு செங்குத்தாக இறக்கம். அந்தக் கோட்டை என் கணினி நிரலுக்குக் கொடுத்தால் அது ஐந்து எண்களைத் திருப்பித் தரும். வெளிச்சத்தால் பிறக்கும் மின்னோட்டம் எவ்வளவு, உள்ளே எவ்வளவு கசிகிறது, வழியில் எவ்வளவு தடை இருக்கிறது, செல்லின் சொந்தக் குணத்தைச் சொல்லும் இன்னும் இரண்டு. இந்த ஐந்தும் கையில் இருந்தால், அந்தச் செல் மேலே போய் வெயிலில் கொதிக்கும்போது என்ன செய்யும், நிழலில் உறையும்போது என்ன செய்யும், சில வருடம் கதிர்வீச்சு வாங்கிய பிறகு என்ன செய்யும் என்று தரையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். என் மகளைப் பற்றி அடுத்த அரை மணி நேரத்துக்கு இப்படிச் சொல்லக்கூடியவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

விளக்கு சூரியன் அல்ல. அது சூரியனைப் போல எரிகிறதா என்று பார்க்க ஆதார செல் ஒன்று வைத்திருக்கிறோம். சின்னக் கண்ணாடி மூடி போட்ட, உலோகச் சட்டத்துக்குள் இருக்கும் ஒற்றைச் செல். எவ்வளவு வெளிச்சத்துக்கு அது எவ்வளவு காட்டும் என்று வெளியே அனுப்பிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். தினமும் காலையில் அதை விளக்கின் கீழே வைத்து, சரியான எண் வரும்வரை விளக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்துவிட்டு, அதன்பிறகுதான் மற்றவற்றை அளக்க ஆரம்பிப்போம்.

செல்கள் அடுக்கி வந்திருந்த தட்டுகளில் பாதியைத் தம்பி அளந்து முடித்தபோது நவராத்திரி வந்தது. இந்த ஊரில் அஷ்டமி மாலை புத்தகங்களையும் கருவிகளையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலைவரை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். அளக்கும் அறையைக் கழுவி, மேஜைமேல் பட்டுத்துணி விரித்து, மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் பெட்டி, சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் அடுக்கினோம். நடுவில் ஆதார செல். அந்த அறையில் மற்ற எல்லாம் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறதோ அதுதானே குரு என்றார் தலைவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் கும்பிட்டுவிட்டு, மகளுக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டதென்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

விஜயதசமிக்குப் பிறகு தம்பி மீதியை அளந்தான். நான் நிரலை ஓட்டினேன். முதல் தரத்தில் சேர்ந்த செல்களின் எண்ணிக்கை நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு அதிகம்.

"அக்கா, அம்மன் கண்ணு தொறந்துட்டா பாத்தீங்களா?" என்றான் தம்பி. "பூஜைக்கு முன்னாடி எல்லாம் சவசவன்னு இருந்துச்சு. இப்ப எது எடுத்தாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"முந்தின தட்டெல்லாம் பழைய ஸ்டாக்கோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே பெட்டிதான் அக்கா. சந்தோஷமான காரியத்தைச் சந்தோஷமா எடுத்துக்கிடுங்க. அடுத்த வருசம் தட்டுகளையும் சேர்த்துப் பூஜைக்கு வெச்சிரலாம்."

சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். அதாவது, நிரலில் தவறு இருக்கிறதா என்று மறுபடி மறுபடி தேடினேன். விடுப்பில் போகுமுன் நான் எழுதிய வரிகளை வேறு யாரோ எழுதியது போல வாசித்தேன். தவறு இல்லை. செல்களைப் பொறுக்கி, எந்த வரிசையில் எது என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, கேட்டதைவிடக் கூடுதலாகவே மின்சாரம் கிடைக்கும் என்று சொன்னார். திங்கட்கிழமை காலை செல்களைப் பலகையில் ஒட்டுவதாக முடிவாயிற்று. ஒட்டினால் ஒட்டியதுதான். பசை காய்ந்தபிறகு செல்லைக் கழற்ற ஒரே வழி அதை உடைப்பது.

ஞாயிற்றுக்கிழமை மகளின் உடம்பு கொஞ்சம் சூடாக இருப்பது போலத் தோன்றியது. இது எனக்கு அடிக்கடி தோன்றும். அதனால்தான் பழவங்காடியிலிருந்து புதிய தெர்மாமீட்டர் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். பழையதை நான் அதிகம் உபயோகித்துப் பழுதாக்கிவிட்டதாக என் கணவர் அபிப்பிராயப்பட்டார். அக்குளில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் காட்டியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சலில் சிரிப்பது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியா. நல்லாத்தான் இருக்கா."

"காட்டுதே அத்தை."

"அது காட்டும். எங்க, எனக்கு வை பாப்போம்."

அவருக்கும் வைத்தேன். காய்ச்சல். எனக்கு வைத்துக்கொண்டேன். காய்ச்சல். கீழே கடையிலிருந்து சாப்பிட வந்த மாமனாரையும் மாமியார் விடவில்லை. ஒரு கையில் சோற்றுத் தட்டோடு அவர் பணிவாக நின்றார். அவருக்கும் காய்ச்சல்.

"அப்போ குடும்பத்தோட போயி ஆஸ்பத்திரியில படுப்போம், என்ன? கடைய அடைச்சிட்டு வரச் சொல்லட்டா? ஆரியசாலை முழுக்க வெச்சுப் பாரு, எல்லாவனுக்கும் காய்ச்சல்தான் இருக்கும்," என்றார் மாமியார். பிறகு மாமனாரைப் பார்த்து, "நீங்க என்ன நிக்கியோ? சோறு ஆறுது அல்லே?" என்றார்.

எல்லோருக்கும் ஒரே காய்ச்சல் என்றால் பழுது அளக்கிற கருவியில்தான். நான் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அதுவரை செல்களை அவற்றின் வரிசை எண்படி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அளந்த வரிசையில் அடுக்கினேன். பூஜைக்கு முன் அளந்தவை ஒரு மட்டத்தில் இருந்தன. பூஜைக்குப் பின் அளந்தவை எல்லாம் ஒரு படி மேலே நின்றன. யாரோ அளவுகோல் வைத்துத் தூக்கிவிட்டது போல, எல்லாம் ஒரே அளவு மேலே. அதிலும் ஐந்து எண்களில் ஒன்றே ஒன்றுதான் ஏறியிருந்தது: வெளிச்சத்தால் பிறக்கும் மின்னோட்டம். கசிவு மாறவில்லை, தடை மாறவில்லை, சொந்தக் குணமும் மாறவில்லை. அறை சூடாக இருந்தால் மின்னழுத்தம் இறங்கியிருக்கும், அதுவும் இறங்கவில்லை. செல்கள் உண்மையிலேயே நல்லவையாக இருந்தால் ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் நல்லதாக இருக்கும். இப்படி அணிவகுத்து நல்லதாகாது. மேலும், இங்கே விஜயதசமி என்று செல்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?

விளக்குதான் கூடுதலாக எரிந்திருக்கிறது. பூஜைக்கு முன் அளந்தவற்றையும் பின் அளந்தவற்றையும் நான் ஒரே தரமென்று நினைத்து ஒரே வரிசையில் கலந்திருக்கிறேன். பின் அளந்தவை உண்மையில் சுமாரானவை. அவை வரிசை முழுவதையும் பிடித்து இழுக்கும்.

தலைவருக்கு ஒரு செய்தி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அழித்தேன். அவசரம் என்பதால் திரும்ப எழுதினேன். நான் சொல்வது தவறாக இருந்தால், பிரசவத்துக்குப் பிறகு இவளுக்குப் பழைய தெளிவு இல்லை என்று அவர்கள் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருப்பது எழுத்துமூலம் உறுதியாகிவிடும் என்பதால் மறுபடி அழித்தேன். கடைசியில் தெர்மாமீட்டரைப் பற்றி மட்டும் கணவரிடம் சொன்னேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார் அவர்.

திங்கட்கிழமை பேருந்து கரமனைப் பாலத்தில் நின்று நின்று போனது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒட்டும் அறையில், செல் ஒட்டுகிற மலையாள அக்கா, எங்கள் எல்லோருக்கும் சேச்சி, கையுறை போட்டுக்கொண்டு பசையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சேச்சி, கொஞ்சம் நில்லுங்க. ஒட்ட வேண்டாம்."

"அய்யோ, கலக்கியாச்சல்லோ மோளே. இது காத்திருக்காது. கொஞ்ச நேரம் போனா கல்லாயிரும். ஒட்டணுமோ வேண்டாமோ, யாராவது ஒராள் சொல்லுங்க."

"நான்தான் சொல்றேன்."

"சார் சொல்லட்டே," என்றார் சேச்சி. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கரண்டியால் கலக்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

தலைவரின் அறையில் தம்பியும் இருந்தான். அளவுகள் ஒரு படி ஏறி நின்றதை மடிக்கணினியில் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, நிரலில் என் தவறாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டேன். சொன்ன உடனேயே ஏன் சொன்னேன் என்று இருந்தது.

"உன் தப்பா இருக்குமோ?" என்றார் தலைவர் நம்பிக்கையோடு.

"இல்ல சார். நான் பார்த்துட்டேன்."

"பின்னே ஏன் இருக்கலாம்ங்கறே?"

"ஆதார செல்லைப் பார்க்கணும் சார்," என்றேன்.

தம்பி போய் எடுத்து வந்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது, கண்ணாடியின்மேல் மெல்லிய மஞ்சள் பூச்சு வட்டம் வட்டமாகத் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை. இப்படி ஒரு கருவியை முகர்ந்து பார்த்துப் பழுது கண்டுபிடிக்கலாம் என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

"அஷ்டமி அன்னிக்குப் பொட்டு வெச்சது..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"நான்தான் வச்சேன்," என்றார் தலைவர். "சட்டத்துலதான் வச்சேன். கண்ணாடில வைக்கலே."

"ஆமா சார், சட்டத்துலதான் இருந்துச்சு. காஞ்சு உதிருதேன்னு நான் டிஷ்யூவால துடைச்சேன். சுத்தமா துடைச்சேன் சார். கண்ணாடியையும் சேர்த்துத் துடைச்சேன்."

சந்தனம் வைத்தவர் தலைவர். துடைத்தவன் தம்பி. சந்தேகப்பட்டவள் நான். மூன்று பேரில் என் நிலைதான் மோசம் என்று எனக்குப் பட்டது. கண்ணாடிமேல் சந்தனம் இருந்தால் ஆதார செல்லுக்கு வெளிச்சம் குறைவாகப் போகும். அது குறைவாகக் காட்டும். தம்பி அதை நம்பி விளக்கைக் கூட்டியிருப்பான். சந்தனம் பூசாத மற்ற செல்களெல்லாம் அந்தக் கூடுதல் வெளிச்சத்தில் பிரகாசித்திருக்கும். இதையெல்லாம் முடிந்தவரை யார்மேலும் படாதவாறு சொன்னேன்.

"என்னம்மா சொல்றே? பகவானுக்கு வச்ச சந்தனம் அது," என்றார் தலைவர்.

"பகவானுக்கு வச்சது ஒண்ணும் ஆகல சார். கண்ணாடில வந்ததுதான்."

வாசலில் சேச்சி வந்து நின்றார். கையில் பசைக் கிண்ணம். "சார், தமிழ் பேசிப் பேசி நிங்ங மூணு பேரும் இதைக் கல்லாக்கிருவீங்க."

தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார், ஆதார செல்லைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் டாக்குமெண்டேஷன் மேஜை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பூஜைக்கு முந்தி அளந்த ஒண்ணை எடுத்துண்டு வா. ஆதார செல்லைத் துடைக்காம அள. அப்புறம் துடைச்சுட்டு அள. பழைய அளவு வந்தா நீ சொல்றது சரி. வரலேன்னா சேச்சி ஒட்டட்டும்."

அது நியாயமான சோதனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. விளக்கை ஏற்றி, அது நிதானத்துக்கு வரும்வரை எல்லோரும் நின்றோம். சேச்சி மட்டும் அவ்வப்போது கரண்டியைத் தூக்கி, பசை எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டார். தம்பி ஆதார செல்லை மஞ்சள் பூச்சோடு அப்படியே வைத்து விளக்கைச் சரிசெய்தான். பூஜைக்கு முன் சுமார் என்று ஒதுக்கிய ஒரு செல்லை அதன் கீழே வைத்தோம். முதல் தரம் வந்தது.

"இதுக்கும் அருள் கிடைச்சிருச்சு," என்றான் தம்பி மெதுவாக.

பிறகு லென்ஸ் துடைக்கும் தாளை ஆல்கஹாலில் நனைத்து நானே கண்ணாடியைத் துடைத்தேன். தாளில் மஞ்சள் வந்தது. புதிய தாளால் மறுபடி துடைத்தேன். இன்னொரு தாளாலும் துடைத்தேன். "அக்கா, போதும், கண்ணாடி தேஞ்சிரும்," என்றான் தம்பி. விளக்கைக் குறைத்து, அதே செல்லை அளந்தோம். கோடு பழைய இடத்தில் வந்து, பழைய கோட்டின்மேலேயே படுத்துக்கொண்டது. இரண்டு கோடா ஒரு கோடா என்று தெரியாத அளவுக்கு.

தம்பி அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். அப்போதும் ஒரு கோடுதான்.

"பசை போச்சு," என்றார் சேச்சி.

"போனாப் போறது," என்றார் தலைவர்.

விஜயதசமிக்குப் பிறகு அளந்தவை எல்லாவற்றையும் தம்பி மறுபடி அளந்தான். அவன் என்மேல் கோபமாக இருக்கிறானா என்று கவனித்தபடி இருந்தேன். "எங்க எஸ்டேட்டுல தேயிலையில பூஜைக்குப் பூ போடுவாங்க. போட்டதைப் பெறகு பொறுக்கி எடுத்துருவாங்க. எனக்கு அது ஞாபகம் வந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னான். நான் நிரலை ஓட்டினேன். முதல் தரம் பாதியாக உருகிவிட்டது. ஒரு பலகைக்கு அது போதவில்லை. அதனால் கெட்டிக்காரச் செல்களை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த தரத்திலிருந்து முழுப் பலகைக்கும் ஒரே மாதிரியானவற்றைப் பொறுக்கினேன். கொதிக்கும் வெயிலிலும், வருடங்கள் கழிந்த பிறகும் அவை ஒன்றுபோலவே இறங்கும் என்று நிரல் சொன்னது. கூடுதல் மின்சாரம் கிடையாது. கேட்டது கிடைக்கும், அவ்வளவுதான்.

தலைவர் வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. "இல்லே சார், செல்லெல்லாம் நன்னாத்தான் இருக்கு. நாங்கதான் முதல்ல கொஞ்சம் ஜாஸ்தியா நினைச்சுட்டோம்," என்றார். சந்தனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சது யாரா? எங்க செலக்‌ஷன் பண்றவா கண்டுபிடிச்சா," என்றார்.

செலக்‌ஷன் பண்றவா என்பது மரியாதைக்குச் சொன்ன பன்மையா, அல்லது தம்பியையும் சேர்த்துச் சொன்னதா என்று அன்று மாலைவரை யோசித்தேன்.

புதிய பட்டியலை அவர் மேஜைமேல் வைத்தபோது அவர் வாசிக்கவில்லை. திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு. சேச்சி புதுசா பசை கலக்கப் போறா."

"சார், ஒரு தடவை நீங்களும் பார்த்துட்டா..."

"பார்த்து?"

"சரியா இருக்கான்னு."

"நான் பார்த்துதானேம்மா போன தடவை சரின்னேன்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "அடுத்த பேனலோட தட்டெல்லாம் புதன்கிழமை வரது. அதை உன் ரூம்லயே இறக்கச் சொல்லியிருக்கேன். தம்பி டாக்குமெண்டேஷனை ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு இங்கிலீஷ் நன்னா வரும்."

வாசலில் சேச்சி இரண்டு டப்பாக்களோடு நின்றார். "மோளே, கலக்கட்டே? இப்போ சொல்லு. பின்னே நில்லுங்கன்னு ஓடி வரப்படாது."

"கலக்குங்க சேச்சி," என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து சரியாக விழவில்லை போலிருந்தது. அதைத் திருத்தினால் வேறு யாரோ போட்ட கையெழுத்து போலத் தெரியும் என்று அப்படியே விட்டேன்.